கழன்ற உறையின் உட்புறம்

நோன்பு மாதத்தில் ஒரு நாள், பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகை முடிந்து, கோட்டக்குப்பத்துக் கடைவீதியில் சமோசா பொரிக்கும் எண்ணெயின் வாடையும் நோன்புக் கஞ்சியின் பூண்டு மணமும் கலந்து வீசிக்கொண்டிருந்த வேளையில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், வெள்ளைக் கைலியும் தோளில் துண்டுமாக என் வைத்தியசாலைப் படியேறி வந்து, நாற்காலியில் உட்காருமுன்பே கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, அதனுள்ளிருந்த ஒரு கடைவாய்ப் பல்லின் உறையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நோம்பு தொறக்கப் பேரீச்சம்பழத்த வாயில போட்டேன், டாக்டர் தம்பி. கொட்டைன்னு நெனச்சித் துப்பப் போனா கனமா இருந்துச்சு, பாத்தா இது. கொஞ்சம் நல்ல பசையாப் பாத்து ஒட்டி வுட்டுடுங்க."

புத்தகங்களில் உறை என்றும், ஜனங்களின் வாயில் கேப் என்றும், வெளியூர்களில் சிலரிடம் தொப்பி என்றும் வழங்கும் பொருள் ஒன்றே. எங்கள் ஊரில் தொப்பி என்றால் தொழுகைக்குத் தலையில் வைப்பதே முதலில் நினைவுக்கு வருமாதலால், அந்தச் சொல்லை விட்டுவிட்டு, இந்த அத்தியாயம் முழுவதும் உறை என்றே எழுதுகிறேன்.

பெரியவர் கொடுத்ததைக் கழுவாமல் அப்படியே விளக்கொளியில் கவிழ்த்துப் பார்த்தேன். மேற்புறத்துப் பீங்கான் பன்னிரண்டு வருஷ உழைப்புக்குப் பிறகும் பளபளவென்றிருந்தது. உட்புறத்தில் சிமெண்டு, சுண்ணாம்பு பூசிய சுவர்போல, ஏறக்குறைய முழுமையாகப் படிந்திருந்தது. கன்னத்துப் பக்கத்து விளிம்பில் மட்டும் அது கரைந்து, அந்த இடத்தில் கறுப்பாய் ஒரு பிசுக்கு ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நாற்றம். பிறகு அவரை வாயைத் திறக்கச் சொல்லி அடியிலிருந்த பல்லைச் சுரண்டியபோது, ஊறவைத்த தோலைப்போன்ற பழுப்பான பொருள் கரண்டி முனையில் பட்டை பட்டையாக வந்தது. வேர் சிகிச்சை செய்து நரம்பு எடுக்கப்பட்ட பல்லாகையால், இத்தனை அழுகலுக்கும் அவருக்கு ஒரு நாள்கூட வலித்ததில்லை. உறைக்குக் கீழே பல் வருஷக்கணக்கில் சொத்தையாகிக்கொண்டு வந்திருக்க, கடைசியில் அதை வெளியே இழுத்துக் காட்டிய பழத்தின்மேல் அவர் பழி போட்டார்; பழம் அன்று இல்லாவிட்டால் மறுநாள் ஒரு வெல்லக்கட்டி அந்த வேலையைச் செய்திருக்கும்.

உறை கழன்றவர்களில் பெரும்பாலார் இரண்டு காரணங்களையே சொல்லுகிறார்கள்: தின்ற பண்டம், அல்லது ஒட்டிய பசை. பசை மட்டமானது, வேறு நல்ல பசையாகப் போட்டால் நிற்கும் என்பது அவர்களுடைய அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் பாதியளவுகூட உண்மையன்று. உறையைப் பல்லின்மேல் நிற்கச் செய்வதில் பசைக்குள்ள பங்கு கடைசிப் பங்கு. பல்லின் மிச்சம் எந்த வடிவத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதே பிரதானம். ஆகையால் உறை கழன்றவுடன் கேட்கவேண்டிய கேள்வி, இதை எதைக்கொண்டு மறுபடி ஒட்டலாம் என்பதல்ல, இது எதனால் கழன்றது என்பதே. அந்தக் கேள்விக்கு விடை சாதாரணமாகக் கழன்ற உறையின் உட்புறத்திலேயே இருக்கிறது.

முதலில் வடிவத்தைச் சொல்லுகிறேன். உறை போடுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் ராவிக் குறுக்கும்போது, அதன் சுவர்கள் ஏறக்குறைய நேராக, மேலே போகப் போகச் சிறிதளவே ஒடுங்குமாறு விடவேண்டும். தூக்குச் சட்டியின் மூடி, கழுத்து நேராக இருப்பதனாலேயே, ஒரு சொட்டுப் பசையில்லாமல் இறுக நின்று, சாம்பாரைச் சிந்தாமல் பஸ்ஸில் திண்டிவனம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை மடித்துக் கொடுக்கும் காகிதக் கூம்பு ஒன்றை இன்னொன்றின்மேல் கவிழ்த்தால், ஊதினாலே பறந்துவிடுகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 6 டிகிரி ஒடுங்கினால் போதும் என்பது பழைய பாடநூல்களின் இலட்சியம்; மனிதன் கையால், உமிழ்நீர் ஊறும் வாய்க்குள், கன்னமும் நாக்கும் குறுக்கே வர, அந்த இலட்சியத்தை அடைவது அரிதாகையால், 10 முதல் 20 டிகிரி வரை இப்போது சம்மதிக்கப்படுகிறது. சுவர் சாயச் சாய உறையின் பிடிப்பு மெல்ல மெல்லக் குறையாமல் சட்டென்று சரிகிறது என்பதை டென்மார்க் தேசத்து யோர்கென்சன் 1955-இலேயே சோதனை செய்து காட்டியிருக்கிறார்.

வடிவத்தோடு சேர்ந்தது உயரம். ராவிய பிறகு முன்பற்களில் 3 மில்லிமீட்டரும், கடைவாய்ப் பற்களில் 4 மில்லிமீட்டருமாவது நிற்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாயின் கோடியிலுள்ள பற்கள் இயல்பிலேயே குட்டையானவை. வெற்றிலை பாக்கு மென்று மென்றும், தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்தும் தேய்ந்தவர்களுக்கு அவை இன்னும் குட்டை. அந்தக் குட்டைப் பல்லையே மேலும் ராவி உறை போட்டால், அது தாம்பாளத்தின்மேல் கவிழ்த்த டம்ளரைப்போல, தள்ளினால் நகர்ந்துவிடும்.

இதில் என் சொந்த அநுபவம் ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றை, உறை தாராளமாக உட்காரவேண்டும் என்ற ஆசையில், நான்கு பக்கமும் சரித்து, அழகான ஒரு கோபுரம் போல ராவி வைத்தேன். உறை வெகு சுலபமாக உட்கார்ந்தது. அவ்வளவு சுலபமாக உட்கார்வதே அபாயத்தின் அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் கழன்றது, ஒட்டினேன். ஐந்து மாதத்தில் கழன்றது; விலை உயர்ந்த சிமெண்டு வாங்கி ஒட்டினேன். மூன்றாம் முறை கழன்றபோது அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தையும் சொல்லாமல் உறையை மேஜைமேல் வைத்த விதத்தில் எனக்குப் புத்தி வந்து, பல்லின் இரண்டு பக்கங்களில் நேரான காடி வெட்டி, அதற்கேற்றபடி புதிய உறை செய்து போட்டேன். ஒரே உறையை இரண்டு முறைக்குமேல் வெறுமனே ஒட்டிக் கொடுக்கும் வைத்தியரிடம், அது நானேயானாலும், மூன்றாம் முறை காரணத்தைக் கேளுங்கள்.

இனி, சிமெண்டு. துத்தநாகத்தையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் ஆதாரமாகக் கொண்ட சிமெண்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பழக்கத்தில் இருக்கிறது. அது பல்லோடு ஒட்டுவதேயில்லை. இரண்டு சுவர்களுக்கும் இடையேயுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் இறுகி நின்று, ஆப்பு வைத்தாற்போல் தடுக்கிறது, அவ்வளவே. கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் சேர்த்துக் குழைக்கும் கிளாஸ் அயனோமரை லண்டனில் வில்சன், கென்ட் என்னும் இருவர் 1972-இல் வெளியிட்டார்கள். அது பல்லிலுள்ள சுண்ணச் சத்தோடு ஓரளவு இரசாயன உறவு கொள்ளும். அதன் பிறகு வந்த ரெசின் சிமெண்டுகள், முறைப்படி கையாண்டால், மற்ற இரண்டையும்விட உறுதியாகப் பிடிக்கும். எதுவானாலும் அது இருக்கவேண்டிய கனம் 25 மைக்ரான் அளவு. அதாவது ஒரு தலைமயிரின் பருமனில் பாதிக்கும் குறைவு. உறை சரியாகப் பொருந்தாமல், விளிம்பில் இடைவெளி விழுந்து, அந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைத்துவிடலாம் என்று எண்ணினால், கதை வேறு விதமாக முடியும்.

எப்படி முடியும் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் கடற்கரையைக் காட்டிச் சொல்வது வழக்கம். 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புகள் எழுந்ததிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைப்பட்டு, தந்திராயன்குப்பம் முதல் பொம்மையார்பாளையம் வரை கரை அரித்துக்கொண்டே வந்ததை நாங்கள் பிரத்தியட்சமாகப் பார்த்திருக்கிறோம். கடல் வீட்டை ஒரே நாளில் மோதித் தள்ளுவதில்லை. அஸ்திவாரத்துக்குக் கீழேயுள்ள மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது. சுவர் அப்படியே நிற்கிறது. அமாவாசைக்கு ஒரு பெரிய அலை வரும்போது சுவர் சாய்கிறது. அந்த அலையின்மேல் பழி விழுகிறது. பல்லிலும் அப்படியே. விளிம்பின் இடைவெளியில் வெளிப்பட்டு நிற்கும் சிமெண்டை உமிழ்நீரும், அதிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று கக்கும் அமிலமும் நாள்தோறும் கரைக்கின்றன. கரைந்த பள்ளத்தில் உணவு தங்குகிறது. தங்கிய உணவு பல்லைச் சொத்தையாக்குகிறது. ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும் வயோதிகர்களுக்கும், நீரிழிவினாலோ மருந்துகளினாலோ வாய் வறண்டு போனவர்களுக்கும் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். உறைக்குச் சொத்தை வராது என்பது மெய். உறை முடிந்து பல் தொடங்கும் ஓரத்துக்கு வரும்.

சிமெண்டைப்பற்றி இன்னொன்று. அது எவ்வளவு உயர்ந்ததாயினும், ஒட்டுகிற அந்த ஐந்து நிமிஷத்தில் பல் உலர்ந்திருக்கவேண்டும். உமிழ்நீரோ ஈற்றிலிருந்து கசியும் இரத்தமோ பட்ட இடத்தில் அது பிடிப்பதில்லை. புதிய உறை வரும்வரையில் போட்டிருக்கும் தற்காலிக உறையைப் பெரும்பாலும் கிராம்புத் தைலம் கலந்த பசையால் ஒட்டுவார்கள். வலியைத் தணிக்கும் நல்ல பொருள்தான், ஆனால் அதன் எச்சம் பல்லில் தங்கிவிட்டால் ரெசின் சிமெண்டு சரியாக இறுகாது. இப்போது எல்லாரும் விரும்பிக் கேட்கும் ஜிர்கோனியா உறைக்கு வேறொரு குணம் உண்டு: பொருந்துகிறதா என்று வாயில் வைத்துப் பார்க்கும்போது அதன் உட்புறத்தில் உமிழ்நீர் பட்டுவிடும், பட்டதைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு ஒட்டினால் பிடிப்புக் குறையும், அதற்கென்றுள்ள முறைப்படி உட்புறத்தைத் துப்புரவு செய்த பின்பே ஒட்டவேண்டும். இவையெல்லாம் வைத்தியருடைய பொறுப்பு. ஆனாலும் ஈறு வீங்கி இரத்தம் கசிகிற நாளில், "பரவாயில்லை, இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்" என்று நிர்ப்பந்தம் செய்வது நோயாளியின் பங்காக அமைந்துவிடுகிறது. வளைகுடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் ஒரு மாத விடுமுறையில் வருகிறவர்கள், கல்யாணம், விருந்து, பத்திரப் பதிவு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, விமானம் ஏற நாலு நாள் இருக்கையில் உறைக்கு வருகிறார்கள். வந்திறங்கிய முதல் வாரத்திலேயே வந்தால், அளவெடுத்து, ஈறு ஆறவிட்டு, பொருத்திப் பார்த்து, சரியில்லையென்றால் திருப்பி அனுப்பிச் செய்துவரவும் அவகாசம் இருக்கும். உறை கழலாதிருப்பதற்கு இதைவிடச் சிறந்த யுக்தி நோயாளியின் கையில் வேறொன்றும் இல்லை.

பாதி உடைந்துபோன பல்லுக்கு, வேருக்குள் ஒரு தண்டை இறக்கி, அதன்மேல் செயற்கையாகப் பல்லின் தலையைக் கட்டி, அதற்குமேல் உறை போடுவதுண்டு. இந்த வகையில் உறை கழலும்போது தண்டும் சேர்ந்து ஆணிபோல் வெளியே வரும். தண்டை நீளமாகப் போட்டால் உறுதி என்று நினைப்பது இயல்பு. ஆனால் உறுதி தண்டில் இல்லை. வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை சுற்றிப் பிடிப்பதுபோல, உறையின் ஓரம் ஈற்றுக்குமேல் எஞ்சியுள்ள சொந்தப் பல்லை, சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது அணைத்துப் பிடிக்கவேண்டும். அவ்வளவு பல் இல்லாத இடத்தில் போட்ட உறை, மெல்லும்போதெல்லாம் தண்டை நெம்புகோலாக்கி வேரை அசைத்து, ஒன்று கழன்று வரும், அல்லது வேரைப் பிளந்துவிடும். கழன்று வந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்லுவேன். நெடுக்காகப் பிளந்த வேருக்குப் பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

பற்களின் மேல் விழும் பாரமும் லேசானதல்ல. வளர்ந்த மனிதன் கடைவாயில் முழுப் பலத்தோடு கடித்தால் 50, 60 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் விழும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இதைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே செய்கிறார்கள். சிமெண்டு நேரான பாரத்தைத் தாங்குமளவுக்குச் சாய்ந்த இழுப்பைத் தாங்குவதில்லை. புதிய உறை ஒரு தலைமயிர் அளவு உயரமாக இருந்தாலும் ஒவ்வொரு கடியும் முதலில் அதன்மேலேயே விழும். மரத்துப்போக ஊசி போட்ட வாயில் இது தெரியாது. மறுநாள் காலையில் அந்தப் பல் மட்டும் முந்திக்கொண்டு முட்டுவதாகத் தோன்றினால், பழகிவிடும் என்று இருந்துவிடாமல் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளவேண்டும்.

ஒட்டும் பண்டங்களைப்பற்றிக் கேட்பார்கள். மல்லாட்டையை வெல்லப்பாகில் உருட்டிய உருண்டை, கமர்கட்டு, அல்வா, பண்ருட்டிப் பலாச்சுளை, பேரீச்சம்பழம்: இவற்றை ஆயுள் முழுவதும் விலக்கச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, காரணமும் இல்லை. நன்றாகப் போட்ட உறையை இவை இழுத்துவிடுவதில்லை. தற்காலிக உறை இருக்கும் நாட்களிலும், புதிதாக ஒட்டிய முதல் நாளும் மாத்திரம் மறுபக்கத்தில் மெல்லுங்கள்.

இரண்டு மூன்று பற்களைச் சேர்த்துக் கட்டிய பாலத்தில் ஒரு முனை மட்டும் கழன்று, மறுமுனை பிடித்துக்கொண்டிருக்கும் நிலைமை ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் வஞ்சகமானது இதுதான். பாலம் கீழே விழுவதில்லையாதலால் யாரும் வைத்தியரிடம் போவதில்லை. கழன்ற முனையின்கீழ் உமிழ்நீர் கடிக்கும்போதெல்லாம் பம்பு அடிப்பதுபோல் உள்ளே போய் வெளியே வந்து, ஆறு மாதத்தில் அந்தப் பல்லைக் குழைத்துவிடும். ஆட்காட்டி விரலால் பாலத்தை மேலும் கீழும் மெதுவாக அழுத்தும்போது ஓரத்தில் நுரைக்குமிழி எழுந்தால், அல்லது கெட்ட ருசி ஒன்று நாக்கில் பட்டால், அன்றைக்கே புறப்படுங்கள். தனி உறையிலும் முன்னறிகுறிகள் உண்டு: ஒரே இடத்தில் உணவு சிக்கிக்கொள்வது, பல்லிடை நூல் அங்கே மட்டும் பிசிறு பிசிறாக அறுவது, உயிருள்ள பல்லானால் குளிர்ந்த நீர் சுரீரென்று படுவது. நரம்பெடுத்த பல் இதில் எதையும் சொல்லாது. அதற்காகவே வருஷத்துக்கு ஒருமுறை ஓரங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆடுவது உறையா, பல்லேயா என்பதையும் வேறுபடுத்தவேண்டும். ஈற்று நோயால் எலும்பு கரைந்து பல்லே ஆடும்போது, உறையை என்ன செய்தும் பயனில்லை. எலும்பில் பதித்த திருகுப் பல்லில் ஆட்டம் கண்டால், பெரும்பாலும் உள்ளேயிருக்கும் சிறு திருகாணி தளர்ந்திருக்கும். அதை முடுக்குவது எளிது, ஆட்டத்தோடு ஆறு மாதம் மென்று திருகாணியை முறித்துக்கொண்டு வந்தால் எளிதல்ல.

உறை கழன்ற அன்று செய்யவேண்டியவற்றுள் முதலாவது, அதைத் தொலைக்காமலிருப்பது. காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்துத் தொலைந்த உறைகளுக்குக் கணக்கில்லை. வீட்டில் யாராவது அதைக் குப்பையென்று எடுத்து எறிந்துவிடுவார்கள். மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். உறை லேசாக ஆடுவது தெரிந்தும் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் தொழுகைக்காக வுளு எடுக்கும்போது வேகமாக வாய் கொப்பளித்து, அதைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆடுகிறதென்று தெரிந்த நாளில் கொஞ்சம் நிதானமாகக் கொப்பளிப்பது நல்லது. உட்புறத்தை ஊசியாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள். அங்கே உள்ள தடயங்களே வைத்தியருக்கு வேண்டியவை: சிமெண்டு முழுதும் உறைக்குள் இருந்து பல் வெறுமையாயிருந்தால், பல்லின் பக்கத்தில்தான் கோளாறு, அதாவது ஈரம், சொத்தை, அல்லது சுவரின் சரிவு என்றும், சிமெண்டு பல்லின்மேல் தங்கி உறை சுத்தமாக வந்திருந்தால், உறையின் உட்புறத்தைப் பக்குவம் செய்ததில் குறை என்றும், இரண்டிலும் பாதி பாதி இருந்தால், சிமெண்டே வயதாகியோ பாரத்தாலோ உடைந்தது என்றும், உறைக்குள் பல்லின் துண்டே இருந்தால் உடைந்தது பல்தான் என்றும் பெரும்பாலும் ஊகிக்கலாம்.

இரண்டாவது, பெவிக்விக். அதை எடுக்காதீர்கள். ஈற்றையும் நரம்பையும் அது தகிக்கும். கோணலாக ஒட்டிக்கொண்டால் உறையை அறுத்தே எடுக்கவேண்டியிருக்கும். ஐந்து நிமிஷத்து வேலை புதிய உறையின் செலவாக முடியும். வைத்தியரைப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும், பல் கூசுகிறது அல்லது முன்பல்லாகையால் வெளியே தலைகாட்ட முடியவில்லை என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் தற்காலிகப் பல் சிமெண்டையோ, அதுவும் இல்லாவிட்டால் துளி வாசலினையோ உட்புறத்தில் தடவி, சரியான திசையில் வைத்து மெல்லக் கடித்துக்கொள்ளலாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவசியம் எடுத்துவிடவேண்டும். தூக்கத்தில் விழுங்கினால் சாதாரணமாகச் சில நாட்களில் மலத்தோடு போய்விடும். மூச்சுக்குழாயில் இறங்கினால் விஷயம் வேறு: விடாத இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சில் சீழ்க்கைச் சத்தம் கண்டால் பல் வைத்தியரிடம் போகாமல், நேரே ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். இருமல் இல்லாவிட்டாலும், விழுங்கினோமா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுத்துவிடுவதே சரி.

வலியில்லை என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதும் கூடாது. உறை இல்லாத பல் தன்னிடத்தில் நிற்காது. பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் இறங்கும். பத்து நாளுக்கு முன்பு சுகமாக உட்கார்ந்த உறை பிறகு உட்கார மறுக்கும். செலவுக்கு அஞ்சுகிறவர்கள், முத்தியால்பேட்டை வழியாக பஸ் ஏறி, இந்திரா நகரில் புதுச்சேரி அரசின் பொறுப்பில் 1990 முதல் நடந்துவரும் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையத்துக்குப் போகலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவு, வரவேண்டிய நாள் அதிகம். மாணவர் செய்யும் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் பார்த்துச் சம்மதித்த பின்பே அடுத்த படி நடக்குமாகையால், அந்தத் தாமதத்தை நான் குறையாக எண்ணவில்லை. நோன்பு நாட்களில் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்டால், நோன்பு திறந்த பிறகு வரும்படி சொல்லி விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்றிரவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியவரிடம் கண்ணாடியைக் கொடுத்து, பல்லிலிருந்து சுரண்டி எடுத்ததைக் காட்டி, இதன்மேல் எந்தப் பசையும் நிற்காது, பாய், அழுகலை எடுத்தால் கன்னத்துப் பக்கம் ஈற்றுக்குமேல் பல்லே இராது, ஈற்றைக் கொஞ்சம் வெட்டி இறக்கி ஆறவிட்டுப் புதிய உறைதான் செய்யவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, தங்கத்தில் செய்தால் என்ன என்று கேட்டார். கேட்டதில் நியாயம் உண்டு. தங்கத்தின் விளிம்பைப் பல்லோடு பல்லாகப் படியத் தேய்த்துவிடலாம், இடைவெளி விழாது. ஆண்களுக்குத் தங்கம் ஆகாதே என்று நான் தயங்குவதைக் கண்டு, அவரே எனக்குச் சொன்னார்: குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டதும், அது நாற்றமெடுத்ததும், தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் சொன்னதும் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது என்றும், தங்கப் பல்லுக்கு ஆலிம்கள் அதையே ஆதாரம் காட்டுவார்கள் என்றும். மார்க்கத்தில் தடையில்லை என்று தீர்ந்தபின், அன்றைய கிராம் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "பீங்கான்லயே போட்டுடுங்க தம்பி" என்றார்.

ஈறு ஆறி, அளவெடுத்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு புதிய உறையை ஒட்டினேன். பழையதை என்ன செய்வது என்று கேட்டேன். வாங்கிச் சட்டைப் பையிலிருந்த வெற்றுப் பொடி டப்பாவில் போட்டுக்கொண்டார். வாசலில் காத்திருந்த பேரப்பிள்ளைக்கு அதைக் கவிழ்த்து, கறுத்துக் கிடந்த ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.